தொப்புளைச் சுற்றிய ஊசியும் டிரெஸர் நோட்டும்



பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டிய தாயின் மகன் நான். சுங்கை பட்டாணியில் நரம்பு நோய்களைப் பற்றிப் பேசும் அவைக்கு என்னைத் தலைமை தாங்கச் சொன்னது பெரிய கௌரவம். அந்தக் கௌரவம் தந்த படபடப்பில் இந்தத் தாள்களை நேற்றிரவு மூன்று முறை திருத்தினேன். முன்வரிசையில் இருப்பவர்களில் பலர் இந்நோயாளிகளை என்னைவிட அதிகம் பார்த்தவர்கள். நரம்பைப் போர்த்திய மயலின் உறை என்ன, அது உரிந்தால் என்னாகும் என்று உங்களுக்குச் சொல்லி நேரத்தைக் கரைக்க மாட்டேன்.

நமக்குத் தரப்பட்ட பொருள், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் (எம்.எஸ்.) அதன் உறவு நோய்களும் பற்றிய இன்றைய ஆய்வு. முதலில் அதைச் சுருக்கமாகத் தொட்டுவிடுகிறேன். 2022 ஜனவரியில் வெளிவந்த அமெரிக்க ராணுவத்தினர் பற்றிய ஆய்வை எல்லாரும் படித்திருப்பீர்கள். ஒரு கோடிப் பேருக்கு மேல், 20 ஆண்டுக் காலம், எம்.எஸ். கண்டவர்கள் 955 பேர். எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பின் நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியது. பி செல்களைக் குறிவைக்கும் மருந்துகள் திடீர்த் தாக்குதல்களை வெகுவாகக் குறைத்துவிட்டன. தாக்குதல் இல்லாமலே உள்ளுக்குள் கனன்று கூடும் ஊனத்தை என்ன செய்வது என்பதே இப்போதைய கவலை. அந்த வழியில் டோலிபுருடினிப் என்ற மருந்து தந்திருக்கும் முடிவுகளைப் பிற்பகல் அமர்வில் கேட்கலாம். எம்.எஸ். நோயைக் கண்டறியும் மெக்டொனால்டு வரையறையின் 2024ஆம் ஆண்டுத் திருத்தம் பார்வை நரம்பையும் கணக்கில் சேர்த்திருக்கிறது. மோக் எதிர்ப்பொருள் நோய்க்கு 2023 முதல் தனி வரையறை உண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே பேசவிருக்கிறார்கள்.

நான் பேச விரும்புவது இந்நோய்களைக் குறித்த ஒரு வாக்கியத்தைப் பற்றி. "இது இந்தியருக்கு அபூர்வம்." மாணவனாக இருந்தபோது அதை எழுதிக்கொண்டேன். பயிற்சி மருத்துவனாக அதை ஒப்பித்தேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் நான் மதிக்கும் மூத்தவர் ஒருவர், "தம்பி, தமிழனுக்கு அந்த நோய் வராது, அது குளிர்நாட்டுக்காரன் நோய்" என்று என் கட்டுரையை மூடி வைத்தார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. இன்று அவருக்குரிய மரியாதையோடு பதில் சொல்கிறேன்.

அந்தப் பதில் நாய்க்கடியில் தொடங்குகிறது. நாம் கூடியிருக்கும் கெடாவில் இதைப் பேசப் பொருத்தமுண்டு. 1950களில் தாய்லாந்து எல்லையோரமாக நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டு ஒரு காப்பு வளையம் கட்டினார்கள். கெடா அந்த வளையத்துக்குள் இருந்த மாநிலம். 2015இல் வெறிநோய் மீண்டும் பெர்லிஸிலும் கெடாவிலும் பினாங்கிலும் தலைகாட்டியபோது, தெருநாய்களைக் கொன்றதை நீங்களே பார்த்தீர்கள். நம் பாட்டிகளுக்கு நாய்க்கடி என்றால் ஒன்றுதான் நினைவு: தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி. ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர்களும் அதே வார்த்தையைக் கொண்டுவந்தார்கள். கடித்த நாயைவிட அந்த ஊசிக்குத்தான் பிள்ளைகள் அதிகம் பயந்தார்கள்.

அந்த ஊசிக்குள் என்ன இருந்தது? ஆட்டு மூளை. 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய முறை அது. வெறிநோய்க் கிருமி ஏறிய ஆட்டு மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொன்று, நாளொன்றுக்கு ஓர் ஊசியாகப் பதினான்கு நாள் வரை வயிற்றில் போடுவார்கள். நீலகிரியில் 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையமும் நெடுங்காலம் மூளைத் திசுவிலிருந்தே மருந்து செய்தது. இந்தியா அந்த வகை ஊசியை 2004 டிசம்பரில்தான் முழுவதுமாக நிறுத்தியது.

அந்த ஊசி எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. அதைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு, இரண்டொரு வாரத்தில் கால் செயலிழந்தது, சிறுநீர் நின்றது, கண் மங்கியது. சில நூறு பேரில் ஒருவர் என்று ஒரு கணக்கு, சில ஆயிரம் பேரில் ஒருவர் என்று இன்னொரு கணக்கு. வெறிநோய்தான் வந்துவிட்டது என்று உறவினர்கள் அழுதார்கள். அது வெறிநோய் இல்லை. ஆட்டு மூளையின் மயலினைக் கண்ட உடல், தன் மயலினையும் பகையென்று எண்ணித் தாக்கிய கதை.

நம் துறையின் அடித்தளம் இங்கேதான் இருக்கிறது. இந்த விபத்துகளின் காரணம் தேடித்தான் 1933இல் ராக்பெல்லர் நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸும் கூட்டாளிகளும் குரங்குகளுக்கு முயல் மூளையைத் திரும்பத் திரும்ப ஊசியாகச் செலுத்தினார்கள். குரங்குகளின் மூளையில் மயலின் உரிந்தது. எம்.எஸ். ஆய்வுக்கூடங்கள் இன்றுவரை எலியை வைத்துச் செய்யும் அந்தச் சோதனை அப்படிப் பிறந்தது. வைஸ்மன் நிலையத்தில் அதே நோயை விலங்குகளுக்கு வரவழைக்கச் செய்த ஒரு செயற்கைப் புரதம், எதிர்பாராமல் நோயைத் தடுத்தது. 1996இல் அமெரிக்கா அனுமதித்த கிளாட்டிராமர் அதுதான். எல்லைக்கு அப்பால் பாங்காக்கில் ஹேமசுடாவும் சகாக்களும் 1987இல், செம்பிள் ஊசியால் முடங்கியவர்களின் ரத்தத்தில் மயலின் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்களைக் காட்டினார்கள். பாடநூல்களில் ரிவர்ஸுக்கு ஒரு பத்தி உண்டு. குன்னூர் மருந்தை வயிற்றில் வாங்கிக் கால் இழந்தவர்களுக்கு ஒரு வரியும் இல்லை.

இதை வரலாற்றுப் பெருமைக்காகச் சொல்லவில்லை. மூத்தவரின் கூற்றுக்கு இது நேரான பதில். தமிழ் உடம்பு மயலினைத் தாக்குமா? தாக்கும். பல தலைமுறைகளாக, மருத்துவர் கண்ணெதிரே தாக்கியிருக்கிறது. நம் ரத்தத்தில் அதைத் தடுக்கும் தாயத்து எதுவும் கட்டப்பட்டிருக்கவில்லை. செம்பிள் ஊசியால் வந்தது ஒருமுறைத் தாக்குதல், எம்.எஸ். ஆயுள் நோய், இரண்டையும் ஒன்றாக்காதே என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். நான் கோருவது அவ்வளவு பெரியதில்லை. 'வராது' என்பதற்கு உடலமைப்பைக் காரணம் காட்டாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

லண்டன் அனுபவமும் இதையே சொல்கிறது. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து குடியேறியவர்களிடம் எம்.எஸ். குறைவு; அங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளிடம் ஆங்கிலேயரோடு ஒப்பிடத்தக்க அளவில் வந்தது. எலியனும் ஜெஃப்ரி டீனும் 1990 வாக்கில் இதைக் காட்டிவிட்டார்கள். ஒரே ரத்தம், வேறு மண். நம் பக்கத்தில், வேலூர் மருத்துவர்கள் 1971லேயே மயலின் உரியும் நோய்களைத் தொகுத்து எழுதினார்கள். மங்களூரில் தேடிப் பார்த்தபோது எம்.எஸ். லட்சத்துக்கு 8 பேருக்கு மேல். தேடினால் கிடைக்கிறது.

அப்படியானால் தோட்டத்தில் நம்மைக் காத்தது எது? என் எண்ணத்தைச் சொல்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம். தொழிலாளர் லயத்தில் ஒரே கூரையின் கீழ் பத்துக் குடும்பம். ஆயாக் கொட்டகையில் ஒரே கிண்ணத்தில் முப்பது குழந்தைகள். எப்ஸ்டீன்-பார் வைரஸ் நடை பழகும் வயதிலேயே எல்லாருக்கும் வந்து போனது. அது பதினெட்டு வயதில் வந்தால்தான் ஆபத்து அதிகம். வெறுங்காலோடு ரப்பர்த் தீம்பாரில் நடந்ததால் வயிற்றில் கொக்கிப்புழு. அர்ஜென்டினாவில் 2007இல் கொரியாலே, புழு தொற்றிய எம்.எஸ். நோயாளிகள் பன்னிரண்டு பேரைப் புழு இல்லாத பன்னிரண்டு பேரோடு ஒப்பிட்டார். முன்னவர்களுக்கு நோய் ஏறத்தாழ அடங்கிக் கிடந்தது. நாட்டிங்காமில் வேண்டுமென்றே கொக்கிப்புழு ஏற்றிப் பார்த்த சோதனை அந்த அளவு பலன் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விடியற்காலை ஆள்கணக்கெடுப்பான பிரட்டு முதல் மதியம் வரை வெயில் வேறு. கொக்கிப்புழுவும் ரத்தசோகையும் எத்தனை தாய்களைக் கொன்றன என்று அறிந்தவன் நான். அந்த வறுமையைக் காப்பு என்று கொண்டாட மாட்டேன். ஆனால் அது போய்விட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிள்ளைகள் சுங்கை பட்டாணி அடுக்குமாடிகளுக்கும் கூலிம் தொழில்நுட்பப் பூங்காவின் குளிரூட்டிய கூடங்களுக்கும் போனார்கள். தாத்தாவின் கணக்கை வைத்துப் பேத்தியைச் சோதிக்கிறோம்.

இங்கே பினாங்கு எண்ணிக்கையைப் பற்றிப் பேசியாக வேண்டும். நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா, அதாவது அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள் நோய், பினாங்குத் தீவில் எத்தனை பேருக்கு என்று பினாங்கு மருத்துவர்கள் 2018இல் வெளியிட்டார்கள். நேர்த்தியான வேலை. 14 நோயாளிகள், 13 பேர் சீனர், ஒருவர் மலாய்க்காரர். லட்சத்துக்குச் சீனரில் 3.31, மலாய்க்காரரில் 0.43. இந்தியர் பட்டியலிலேயே இல்லை. இதைக் கையில் வைத்துக்கொண்டு, "பார்த்தீர்களா, இந்தியருக்கு இல்லை" என்று கெடாவில் ஒருவர் எனக்கே விளக்கினார். ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை, மேற்கோள் காட்டுபவர்கள் சொல்கிறார்கள். தீவின் மக்களில் இந்தியர் ஏறத்தாழ பத்தில் ஒருவர். நோய் எல்லாருக்கும் சமமாகப் பரவியிருந்தாலும் 14 பேரில் ஒருவரோ, மிஞ்சினால் ஒன்றரை பேரோதான் இந்தியராக இருப்பார். அப்படியொரு எண்ணிக்கையில் சுழியம் விழ நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. சீனருக்கும் மலாய்க்காரருக்கும் உள்ள வேறுபாடு உண்மையாக இருக்கலாம். ஜப்பானிய மரபணு ஆய்வுகளும் அந்தப் பக்கம் சாய்கின்றன. இந்தியரைப் பற்றி அந்தத் தாள் எந்தப் பக்கமும் பேசவில்லை. பேசாததைப் பேசியதாகக் கொண்டு, ஒரு நோயாளியின் ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த நோயாளி தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம்பெண். மூன்று வாரம் விக்கலும் வாந்தியும். ஒரு மருத்துவமனையில் இரைப்பை என்றார்கள்; வீட்டில் செய்வினை என்று எலுமிச்சம்பழம் அறுத்தார்கள். விக்கல் தானாக நின்றது. இரண்டு மாதம் கழித்துக் கால் போனது. ஸ்கேனைப் பார்த்து எம்.எஸ். என்று முடிவுகட்டி இன்டர்ஃபெரான் தொடங்கினார்கள். நியூரோமைலிட்டிஸில் இன்டர்ஃபெரான் நோயைக் கிளப்பிவிடும் என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெண் என்னிடம் வந்தபோது வலக்கண்ணும் போயிருந்தது. நியூரோமைலிட்டிஸைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருளை 2004இல் மேயோவில் வண்டா லெனன் குழு கண்டுபிடித்தது. அதைத் தேட ஒரு குழாய் ரத்தம் போதும். புதிய வரையறையில் பார்வை நரம்பைச் சேர்த்ததை வரவேற்கும் நான், அதே காரணத்தால் அஞ்சவும் செய்கிறேன். கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்குவது நம் பக்கத்தில் அதிகம் என்று மலாயாப் பல்கலைக்கழகத்தின் டான் சோங் தின் 1988லேயே எழுதினார். அன்று அதை ஆசிய எம்.எஸ். என்றார்கள், அவர்களில் பலருக்கு இருந்தது வேறு நோய் என்று பிறகு புரிந்தது. எதிர்ப்பொருளைத் தேடாமல் கண்ணை மட்டும் எண்ணினால் பழைய தவறு புது வரையறையின் பெயரில் திரும்பி வரும்.

விக்கல் என்றதும் எனக்கு நினைவு வருவது ஒரு நோட்டு. மூடப்பட்ட ஒரு தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவரின் குடும்பம் எனக்குத் தந்தது. 1960களின் தினப்பதிவு. மலேரியா, புண், பாம்புக்கடி, பிரசவம் என்று பக்கம் பக்கமாகப் போகும். அதில் ஒரு பெண்ணின் பெயர் பதினான்கு மாதத்தில் நான்கு முறை வருகிறது. கண்ணை அசைத்தால் வலி, இடக்கண் மங்கல். எட்டு நாள் விக்கல், சோறு தங்கவில்லை. சிறுநீர் நின்றது, இடுப்புக்குக் கீழே மரப்பு. கடைசியாக: கால் வரவில்லை, மாட்டுவண்டியில் பெரியாஸ்பத்திரிக்கு. அதன்பிறகு அந்தப் பெயர் இல்லை.

இதை ஒரு கருத்தரங்கில் காட்டினேன். முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம், மேகநோயாக இருக்கலாம், டிரெஸர் நோட்டு ஆதாரமாகாது என்றார் ஒரு நண்பர். முதல் இரண்டும் நியாயமான ஐயங்கள். ஒரு பக்கத்தை வைத்து யாருக்கும் நோய்ப்பெயர் சூட்ட முடியாது. மூன்றாவதை ஏற்க மாட்டேன். எட்டு நாள் விக்கலுக்கும் நியூரோமைலிட்டிஸுக்கும் தொடர்பு உண்டு என்று உலகத்துக்குத் தெரிய இன்னும் நாற்பது ஆண்டு இருந்தது. எதையும் நிரூபிக்க நினைக்காத ஒருவர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருக்கிறார். அதைவிடச் சுத்தமான சாட்சி எங்கே கிடைக்கும்?

இப்படிப்பட்ட நோட்டுகள் பாடாங் செராயிலும் லூனாஸிலும் கோலக்கெட்டிலிலும் பெட்டிகளில் கிடக்கலாம். கட்டடம் இடிபடும்போது பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விடும். ஆராய்ச்சி மாணவர்கள் ஐந்தாறு பேர் பின்வரிசையில் இருக்கிறீர்கள். ஒரு விடுமுறைக்கு ஒரு தோட்டம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற டிரெஸர்களும் கணக்கெழுதிய கிராணிகளும் இன்னும் சிலர் இருக்கிறார்கள், எல்லாருக்கும் எண்பதைத் தாண்டிய வயது. பெயர்களை மறைத்துப் படியெடுங்கள். கண், விக்கல், சிறுநீர், கால் என்ற நான்கும் ஒரே ஆளிடம் எத்தனை முறை வருகின்றன என்று பாருங்கள். நாய்க்கடி ஊசிக்குப் பின் முடங்கியவர்கள் யாராவது அந்தப் பக்கங்களில் இருந்தால் அவர்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்ன நான்கு பக்கங்களின் ஒளிநகல், பெயர் நீக்கி, வரவேற்பு மேசையில் இருக்கிறது. என் மூத்த நண்பரும் இன்று வந்திருக்கிறார். தேநீர் வேளையில் அதை அவர் முதலில் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.