ஐந்தரை மணிக்கு ஒரு காபி

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் குடியிருப்போர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"ஆபீசுக்கும் போய்க்கொண்டு எழுதவும் எப்படி சார் நேரம் கிடைக்கிறது?" என்று லிஃப்டில் பலர் என்னைக் கேட்பதுண்டு. அதைப் பற்றியே பேசச் சொல்லிவிட்டார் செயலாளர். என் கதையைவிட, இந்தக் கேள்விக்கு வாழ்ந்தே பதில் சொன்ன ஒருவரின் கதை உங்களுக்கு அதிகம் பயன்படும்.

ஆந்தனி டிரோலப். இங்கிலாந்துக்காரர். 1834ல் லண்டன் தபால் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து 1867 வரை, முப்பத்து மூன்று ஆண்டுகள் அஞ்சல் துறையில் இருந்தார். பெயருக்குப் பார்த்த வேலை இல்லை அது. ஊர் ஊராகப் போய்த் தபால் வழிகளை ஒழுங்குபடுத்தினார். தெருவோரத்தில் தூண் போல நிற்கும் தபால்பெட்டி 1852ல் ஜெர்சி தீவில் முதலில் வந்ததே இவர் செய்த சிபாரிசால்தான். இதற்கிடையே எழுதிக்கொண்டே இருந்தார். மொத்தம் 47 நாவல்கள்.

எப்படி என்று அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். காலை ஐந்தரைக்கு மேஜையில் உட்கார்ந்துவிடுவார். முதல் அரைமணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். அடுத்து கடிகாரத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொள்வார். கால்மணி நேரத்துக்கு 250 சொற்கள். எட்டரைக்குள் அன்றைய எழுத்து முடிந்துவிடும். அதன் பிறகு காலை உணவு, அலுவலகம். ரயிலில் போகும்போது மடியில் பலகையை வைத்துப் பென்சிலால் எழுதுவார். வாரத்துக்கு எத்தனை பக்கம் என்று ஒரு குறிப்பேட்டில் கணக்கும் வைத்தார். எழுதாத நாள் அதில் வெறுமையாகக் கண்ணில் குத்தும்.

அவர் இறந்த பிறகு, 1883ல் இந்தச் சுயசரிதை வெளிவந்தது. கடிகாரம் பார்த்து எழுதுவது கலையா என்று பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. நம் வீட்டுப் பெண்கள் கடிகாரம் பார்த்துத்தான் சமைக்கிறார்கள். அதனால் சாம்பாரின் ருசி குறைந்துவிட்டதா என்ன?

இன்னொரு விஷயம். அவருடைய முதல் நாவல் 1847ல் வந்தது. முதல் மூன்று நாவல்களும் விலைபோகவில்லை. நான்காவதாக 1855ல் வந்த 'தி வார்டன்'தான் அவரைக் கவனிக்க வைத்தது. நடுவே எட்டு ஆண்டுகள். சம்பளம் மாதாமாதம் வந்ததால் அந்த எட்டு ஆண்டுகளைத் தாங்க முடிந்தது. வேலை எழுத்துக்கு எதிரி என்று நினைக்கிறோம். பல நேரம் எழுத்துக்குச் சோறு போட்டதே வேலைதான்.

நம்மிடமும் இதற்கு ஆட்கள் உண்டு. விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்துகொண்டே எழுதியவர் நாஞ்சில் நாடன். 2010ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

டிரோலப் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் டிரோலப் இல்லை. அவர் வீட்டில் குதிரைகளைப் பார்த்துக்கொண்ட ஒரு வயதான ஊழியர். தினமும் விடியும் முன்பே காபியுடன் வந்து எஜமானரை எழுப்புவது அவர் பொறுப்பு. அதற்காக ஆண்டுக்கு ஐந்து பவுன் கூடுதல் சம்பளம். அத்தனை ஆண்டுகளில் அவர் ஒரு நாளும் தாமதித்ததில்லை. என் வெற்றிக்கு வேறு யாரையும்விட இவருக்கே அதிகம் கடன்பட்டிருக்கிறேன் என்கிற பொருளில் டிரோலப் எழுதி வைத்திருக்கிறார். அவர் மனைவி ரோஸ், ரயிலில் பென்சிலால் எழுதியதையெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்தார்.

அதனால் உங்களிடம் இரண்டு வேண்டுகோள்.

ரிட்டையர் ஆன பிறகு எழுதலாம், வீணை கற்கலாம், படம் வரையலாம் என்று தள்ளிப்போட்டு வைத்திருப்பவர்களுக்கு: மூன்று மணி நேரம் வேண்டாம், கால்மணி நேரம் போதும். நம் பிளாக்கில் மோட்டார் ஓடத் தொடங்கும் முன்பு, பால் பாக்கெட் வரும் முன்பு, அந்தக் கால்மணி நேரம் யாருடையதும் இல்லை. எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது வயதில் நேரம் கிடைக்கும். கண்ணும் கையும் முதுகும் அப்போது ஒத்துழைக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

கூட இருப்பவர்களுக்கு: உங்கள் வீட்டில் அப்படி ஆசைப்படும் ஒருவர் நிச்சயம் இருப்பார். பெரும்பாலும் காலையில் எல்லோருக்கும் முதலில் எழுந்து அடுப்படிக்குப் போகிறவராகவே இருப்பார். அவருக்கு யார் காபி கொடுத்து எழுப்புகிறார்கள்? வாரத்தில் இரண்டு நாளாவது டிபன் பாக்ஸ் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டு, "நீ போய் உன் வேலையைப் பார்" என்று சொல்லிப் பாருங்கள். அந்தக் குதிரைக்காரர் செய்தது அவ்வளவுதான்.