இழுவை குறைந்த லாரி: முதலில் எண்ணெய் அழுத்தத்தைப் பாருங்கள்

பயிரியல் பேசுகிறவனுக்கு லாரியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். திண்டிவனம் வட்டாரத்தில் 8 விழுக்காடு ஈரப்பதத்திற்குக் காயவைத்த நிலக்கடலையை மூட்டை பிடித்து, விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு அனுப்புகிறீர்கள். வழியில் லாரி நின்று மூட்டை நனைந்தால் அத்தனையும் பூசணம் பிடித்துவிடும்.

இழுவை குறைந்து டாப்பட் சத்தம் கேட்டதும், "டைமிங் போய்விட்டது" என்று எஞ்சினைப் பிரிக்கக் கொடுத்துவிடுகிறோம். கிராங்க் ஷாப்ட் 2 சுற்றுச் சுற்றினால் கேம் ஷாப்ட் 1 சுற்றுச் சுற்ற வேண்டும். பழைய டீசல் லாரிகளில் இவற்றைப் பல்சக்கரங்கள் இணைக்கின்றன. பிரித்துப் பூட்டும்போது குறி தவறினாலன்றி இவை இடம் மாறுவது அரிது. ஆனால் எண்ணெய் சரிவர ஏறாவிட்டால் கேமின் முனை தேய்ந்து வால்வு முழுதும் திறவாது. அப்போதும் இதே சத்தம், இதே இழுவைக் குறைவுதான்.

ஆகவே முதலில் அளவுகுச்சியை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் மட்டம் ஏறி டீசல் வாடை வீசுகிறதா? டீசல் கசிந்து கலக்கிறது. மோர் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்குகிறது. இரண்டும் இல்லையென்றால், ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அங்கே தனி கேஜ் பொருத்தி, எஞ்சின் சூடேறியபின் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். கேஜ் சரியாகக் காட்டினால் பழுது சுவிட்சில், செலவு சொற்பம். குறைவாகக் காட்டினால் வடிகட்டி, ஆயில் பம்பு, கடைசியாக பேரிங் தேய்வு என்று பார்க்க வேண்டும். சிவப்பு விளக்கு எரியும்போது, "விழுப்புரம் 10 கிலோமீட்டர்தானே" என்று ஓட்டுவது பேரிங்கையே தின்றுவிடும்.

டைமிங் பல்சக்கரத்தைக் கழற்றித்தான் ஆகவேண்டுமென்றால், பூட்டியபின் எஞ்சினைக் கையால் 2 சுற்றுச் சுற்றிப் பார்த்த பிறகே ஸ்டார்ட்டரைத் தொடச் சொல்லுங்கள். குறி தவறியிருந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடக்கூடும்.