சுவரும் கதிரையும் போதும்



"யோகா எண்டால் மோடியின்ர விசயமெல்லோ?" எண்டு சிலர் கேட்டீங்கள். நியாயமான கேள்விதான். 2014இல் அவர் ஐ.நா.வில் முன்மொழிந்துதான் யூன் 21 சர்வதேச யோகா நாளானது. அதற்குப் பின்னால் அரசியல் இருக்கிறது.

ஆனால் லண்டனுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1970 அளவில் உள் லண்டன் கல்வி அதிகாரசபை, பி.கே.எஸ். ஐயங்காரின் முறையைத் தன் மாலை வகுப்புகளில் அனுமதித்தது. ஒரு நிபந்தனை: ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் மட்டும், தத்துவம் வேண்டாம். லூயிஷாமும் அந்தச் சபைக்குள்தான் இருந்தது. பொதுப் பணத்தில் நடந்த யோகா அது. தாட்சர் அரசின் சட்டத்தால் 1990இல் சபையே கலைக்கப்பட்டது. இப்ப யோகா பெரும்பாலும் ஸ்டூடியோச் சரக்கு.

கடையில் நாள் முழுக்க நிண்டு முதுகு நொந்தவர்களுக்குச் சொல்லுறன்: விலைகூடின உடுப்பு, பாய் ஒண்டும் வேண்டாம். கதிரையின் முதுகு சுவரில் படட்டும். இருக்கையில் இரண்டு கையையும் ஊன்றி, மெல்லப் பின்னுக்கு நடந்து, இடுப்பிலிருந்து குனியுங்கோ. முழங்கால் மடிந்தால் பரவாயில்லை. ஐந்து மூச்சு, அடக்க வேண்டாம். நொந்தால் நிப்பாட்டுங்கோ. இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் டொக்டரைக் கேளுங்கோ. முடிவில் ஐந்து நிமிசம் மல்லாந்து படுங்கோ.

நோவுக்குக் காரணம் வேலைநேரம் எண்டால் ஆசனம் மட்டும் போதாது. அதற்குச் சங்கம் வேணும். மலிவான மாலை வகுப்புகளைத் திரும்பக் கேட்பதும் எங்கட கோரிக்கையாக இருக்கட்டும்.