பாட்டியர் உழைப்பும் நம் கல்வியும்

 

இத்தகைய விழா மேடைகளில் தலைவர்களைப் போற்றுவது மரபு. அண்ணல் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், அன்னை மீனாம்பாள் சிவராஜ் ஆகியோரின் தொண்டினை எனக்கு முன் பேசியோர் சிறப்புற எடுத்துரைத்தனர். நான் எங்கள் அப்பாயியைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன். தந்தையைப் பெற்ற தாயைக் கீழத் தஞ்சையில் நாங்கள் அவ்வாறே அழைப்போம். அவர் எந்த மாநாட்டிற்கும் தலைமை தாங்கியவர் அல்லர். பண்ணையில் பிறந்து, பண்ணைக்கு வாழ்க்கைப்பட்டு, கால் நடக்கும்வரை வயலில் நின்றவர்.

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டபின், அணை திறக்கும் நாளே எங்கள் பகுதிக்கு ஆண்டுப் பிறப்பாயிற்று. தண்ணீர் வந்தால் குறுவை நடவு, களையெடுப்பு, அறுவடை. பின்னர்ச் சம்பா, தாளடி. சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே பயற்றையும் உளுந்தையும் ஈர வயலில் தெளித்துவிடுவர். பங்குனி வெயிலில் அவற்றைப் பறிப்பதும் பெண்கள் வேலையே. அதன்பின் ஆறு வறண்டால் அடுப்பும் வறளும். அம்மாதங்களில் வயல் நண்டும் நத்தையும் வரப்புக் கீரையுமே எங்கள் வீட்டைக் காத்தன. அவற்றைத் தேடிக் கொணர்ந்தவரும் அப்பாயியே.

நடவுக் காலத்தில் நாள் முழுதும் குனிந்த முதுகு நிமிராது. கால்விரல் இடுக்குகளில் சேற்றுப்புண் வந்து நீர் வடியும். இரவில் மருதாணியை அரைத்துக் கட்டிக்கொள்வார். பாட்டியின் சிவந்த விரல்களை அழகென்று கருதியே நாங்கள் வளர்ந்தோம்! பொழுது சாய்ந்தபின் கூலி நெல்லை மரக்காலில் அளந்து தருவார்கள். அதுவும் ஆணுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான். வீடு வந்து, அந்நெல்லைக் குத்திப் புடைத்து உலையேற்றுவதற்குள் பிள்ளைகள் பாதிப்பேர் உறங்கிவிடுவர். எழுப்பி ஊட்டிவிட்டு, எஞ்சியதைத் தாம் உண்பார். எஞ்சாத நாட்களில் நீராகாரம்.

பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. சட்டம் வந்தவுடன் மிராசுதாரர் மனம் மாறிவிடவில்லை. கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் ஒரு குடிசையில் எரிக்கப்பட்டனர். அந்த ஆண்டு எங்கள் தெருவில் தைப் பொங்கலுக்கு ஒருவரும் புதுப்பானை வாங்கவில்லை என்று அப்பாயி சொல்லுவார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

கல்விக்கு வருகிறேன். வாரத்தில் ஒருநாள் கூலி நெல்லில் ஒரு படியைக் குத்தாமல் தனிக் கலயத்தில் இட்டு வைப்பார். அது கடைக்குச் சென்று பலகையாக, நோட்டுப் புத்தகமாகத் திரும்பும். அந்தப் படி நெல்லால் எங்கள் தந்தையார் படித்தார். 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவும் துணைநின்றது. அதனால் எங்கள் குடும்பம் இன்று படித்த குடும்பம் எனப்படுகிறது.

ஆனால், இளைஞர்களே, கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். தாய் வயலுக்குச் சென்றபோது கைக்குழந்தைகளை இடுப்பில் சுமந்து நின்றவர் எங்கள் அத்தை, அப்பாயியின் மூத்த மகள். அவர் பள்ளி வாசலை மிதித்ததே இல்லை, தம்பிக்குச் சோறு கொண்டு சென்ற நாட்களைத் தவிர. வீட்டில் முட்டை இருந்தால் மகன்களுக்கு; மகள்களுக்குக் குழம்பு. அப்பாயியும் அப்படித்தான் பங்கிட்டார். அவரைத் தெய்வமாக்கிப் பேச நான் இங்கு வரவில்லை.

நான் வயதுக்கு வந்தபோது, பள்ளியை நிறுத்திவிட வேண்டும் என்று உறவினர் கூடிப் பேசினர். திண்ணையில் முறம் புடைத்துக்கொண்டிருந்த அப்பாயி, முறத்தைக் கீழே வைக்காமலே, "பெரியவள வூட்டோட வச்சிக்கிட்டது போதும். இது போவட்டும்" என்றார். அருகில் அத்தை இருந்தார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. மறுநாள் என் பையை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை வந்தவர் அத்தைதான்.

இவற்றையெல்லாம் நாம் தியாகம் என்ற ஒரு சொல்லால் மூடிவிடுகிறோம். வேறு வழி இருந்து அதை விட்டுக்கொடுப்பதே தியாகம். அத்தைக்கு எவ்வழி இருந்தது? குடியிருப்பு மனைச் சட்டம் 1971இல் இயற்றப்பட்டு, மனைப் பட்டா கைக்கு வந்தபோதுதான் அப்பாயியின் பெயரைத் தாங்கிய முதற்காகிதம் எங்கள் வீட்டில் நுழைந்தது. அதில் அவர் இட்டது கைநாட்டு. தகரப் பெட்டியில் அந்தப் பட்டாவும் என் பள்ளிச் சான்றிதழ்களும் ஒன்றாகவே கிடந்தன.

புதுச்சேரியை அடுத்த சிற்றூரில் பண்ணை வேலை செய்த வீரம்மா என்னும் தாழ்த்தப்பட்ட சமூகப் பெண்மணி, தம் வாழ்வைத் தமிழில் வாய்மொழியாகக் கூறினார். ஜோசியான் ரசீன் அதைப் பதிவு செய்தார். அது 1995இல் பிரெஞ்சு மொழியிலும், 1997இல் ஆங்கிலத்திலும் நூலாயிற்று. நம் பாட்டியின் பேச்சை முதலில் படித்தவர்கள் பாரிசு மக்கள்! நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்க நமக்கு நேரமில்லாமற் போனது.

அப்பாயி மறைந்துவிட்டார். அத்தை எண்பதைக் கடந்து ஊரில் இருக்கிறார். நடவு இயந்திரம் வந்த வயலில் பாட்டு ஒலிப்பதில்லை. எங்கள் தெருவில் நடவுப் பாட்டை முழுமையாக அறிந்தவர் இன்று அவர் ஒருவரே. உங்கள் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்திற்கு வரும்போது, எந்த வயலில் நட்டார், என்ன கூலி பெற்றார், எந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினார், எந்தப் பிள்ளையை அனுப்ப இயலவில்லை என்று ஆளுக்கொரு மூதாட்டியைக் கேட்டு எழுதிக் கொணருமாறு வேண்டுகிறேன். நான் அத்தையினுடையதைக் கொண்டுவருகிறேன்.