திறக்க வேண்டிய ஏடும் மூட வேண்டிய ஏடும்

(மண்டகப்பட்டில் விவசாயத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியது)



இந்த ஊர்க் குன்றைக் குடைந்து பல்லவ ராஜா மகேந்திரவர்மன் கோயில் செய்தான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை என்று அங்கே கல்லில் வெட்டியும் வைத்தான். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்த எழுத்து அழியவில்லை. ராஜாவின் பெயர் கல்லில் நிற்கிறது. நிற்கட்டும். ஏழையின் பெயரும் ஓரிடத்தில் அழியாமல் நிற்கிறது. அது போலீஸ் ஸ்டேஷன் ரிஜிஸ்தர். அதைப் பற்றித்தான் இன்று நாம் பேச வேண்டும்.

செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் உழைக்கிற இருளர் குடும்பங்களைக் கேளுங்கள். எங்கோ ஒரு வீட்டில் நகை போகிறது. விடியுமுன் குடிசை வாசலில் ஜீப் நிற்கிறது. ஆளை ஏற்றிக்கொண்டு போகிறது. எந்த ஸ்டேஷன்? என்ன கேஸ்? சொல்வாரில்லை. பெண்சாதி கைக்குழந்தையோடு ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைகிறாள். "இங்கே அப்படி யாரும் இல்லை" என்பதே பதில். பிறகு வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடை. கடைசியில் குற்றம் ருசுவாகவில்லை என்று விடுதலை. அதோடு பெயர் போகிறதா? அடுத்த திருட்டு நடந்தால் முதலில் தேடுவது அதே பெயரைத்தான்!

கவனியுங்கள், தோழர்களே! கைதான அன்று பெயர் வெளியே தெரிய வேண்டும், அன்று மறைக்கிறார்கள். விடுதலையான பின் பெயர் அடங்க வேண்டும். அப்போது கடைசி வரை விரித்து வைக்கிறார்கள். எல்லாம் தலைகீழ்!

இது நேற்று வந்த வழக்கமல்ல. வெள்ளைக்காரன் 1871ல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911ல் அதைச் சென்னை ராஜதானிக்கும் நீட்டினான். செய்த குற்றத்துக்கு அல்ல, பிறந்த பிறப்புக்கே ரிஜிஸ்தர்! கைரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்றதற்காக உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ந் தேதி 16 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மக்கள் போராடிப் போராடி 1947ல் நம் மாகாணத்திலும், 1952ல் தேசம் முழுவதிலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. சட்டம் ஒழிந்தது, புத்தி ஒழியவில்லை. சிறை ரிஜிஸ்தரில் இருக்கும் ஜாதிக் கட்டத்தை நீக்கு என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட 2024 அக்டோபர் வரை ஆயிற்று!

சரி, இப்போது நம் கையில் என்ன இருக்கிறது?

முதலில், திறக்க வேண்டிய ஏடு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 37வது பிரிவைக் கேளுங்கள். கைதானவரின் பெயர், விலாசம், என்ன குற்றம் என்பதை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். அதற்கென்றே ஒரு போலீஸ் அதிகாரி பொறுப்பு. கைது செய்தால் மெமோ எழுதி, குடும்பத்தாரோ ஊராரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். எப்.ஐ.ஆரை 24 மணி நேரத்தில் இணையத்தில் போட வேண்டும் என்று 2016 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. பாலியல் வழக்கு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு.

அடுத்து, மூட வேண்டிய ஏடு. அமெரிக்காவில் பென்சில்வேனியா ராஜ்யம் 2018ல் சட்டம் செய்து, சில்லறைக் கேஸ் ஏடுகள் தானாகவே மூடப்பட வழி செய்தது. நம் நாட்டில் எல்லோருக்கும் பொதுவான அப்படியொரு சட்டம் இல்லை. விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கும்படி மதுரை ஹைகோர்ட் கிளை 2024 பிப்ரவரியில் சொன்னது. ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்தி வைத்தது.

ஆனாலும் கதவு முழுக்க அடைபடவில்லை. 2022 சட்டப்படி, முன்பு தண்டனை பெறாத ஒருவர் விடுதலையாகி, அப்பீல் எல்லாம் முடிந்துவிட்டால், அவரிடம் எடுத்த கைரேகை, போட்டோ முதலியவற்றை அழிக்க வேண்டும். கோர்ட் வேறுவிதமாகச் சொன்னால்தான் வைத்திருக்கலாம். நாம் 'கேடி லிஸ்ட்' என்கிறோமே, அந்தச் சரித்திரப் பதிவேட்டில் சந்தேக ஆள் என்று சேர்த்த பெயர் அந்த வருஷ டிசம்பர் வரைதான். மேலும் வைக்க மேலதிகாரி உத்தரவு வேண்டும். பின்தங்கிய சமூகத்தில் பிறந்தார் என்பதற்காக நிரபராதியின் பெயரை யந்திரம்போல் அதில் ஏற்றக்கூடாது என்றும், அது ஊருக்குக் காட்டும் காகிதமல்ல என்றும் 2024 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கேஸை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடப் போலீஸ் வெளியிடக்கூடாது.

ஆலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மறியலில் கோஷம் போட்டதற்காகக் கேஸ். பத்து வருஷம் கழித்து சர்க்கார் உத்தியோகத்துக்கு அதுவே தடை. இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயத்தை மறைத்திருந்தால்கூட அதிகாரி மன்னிக்கலாம் என்று 2016ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆனால் மறைக்காதீர்கள். உண்மையை எழுதி, தீர்ப்பு நகலை இணைத்துப் போராடுங்கள்.

"எல்லாவற்றையும் அழித்துவிட்டால் தீர்ந்ததே" என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது! 2020ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் ஸ்டேஷனில் அடிபட்டு மாண்டார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் என்ன கண்டார்? காமிராப் பதிவு தினந்தோறும் அழியும்படி வைத்திருந்ததைக் கண்டார். அழியக் கூடாதது அழிந்தது! நாம் மூடச் சொல்வது நிரபராதியின் பெயரை. போலீசின் செய்கையை அல்ல.

ஆகவே தோழர்களே, ஆளைப் பிடித்தார்கள் என்றால் தனியாகப் போகாதீர்கள். பத்துப் பேராகப் போய்ப் பட்டியலைக் கேளுங்கள். எப்.ஐ.ஆர். நம்பரைக் குறியுங்கள். விடுதலையானால் கோர்ட் முத்திரையிட்ட தீர்ப்பு நகலை வாங்கி ரேஷன் கார்டைப் போலக் காப்பாற்றுங்கள். பெயரை நீக்கும்படி போலீஸ் சூப்பிரண்டுக்கு மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வக்கீலுக்குப் பணம் எங்கே என்று மலைக்காதீர்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், ஆலைத் தொழிலாளர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு விழுப்புரம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் பெற 1987 சட்டப்படி உரிமை உண்டு.

விடுதலையானவர் பெயரை மூட ஒரு சட்டம் வேண்டும் என்று நாம் கேட்போம். கிராமம் கிராமமாகக் கையெழுத்துத் திரட்டுவோம். அன்று கைரேகை வைக்க மறுத்து மக்கள் போராடினார்கள். இன்று வைத்த ரேகையை அழிக்கச் சொல்லி நாம் போராடுவோம்!