காலியாக இருக்கும் கட்டம்

(கும்மிடிப்பூண்டியில் நடந்த இளைஞர் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆய்வுக்காக நம் சிப்காட் பகுதியின் ஒப்பந்தத் தொழிலாளர்களைச் சந்தித்து வருகிறேன். ஒரு கம்பெனியில் அடையாள அட்டைக்கான படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்றொரு கட்டம். காலியாக விட்டால் கணினி ஏற்காது. ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் யோசிக்காமல் எழுதினார்கள். நம்மூர்ப் பையன் விழித்தான். கடைசியில் அப்பா பெயரை எழுதினான். இப்போது கம்பெனியில் எல்லோரும் அவனை அவன் அப்பா பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். சிரித்துக்கொண்டே சொன்னான்.

அந்தக் கட்டம் தானாகக் காலியாகவில்லை. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கல்பட்டில் சௌந்தரபாண்டியன் தலைமையில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டொழிக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். சிவகங்கை இராமச்சந்திரன் தன் 'சேர்வை' பட்டத்தைத் துறந்தார். அன்று நம் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம்தான்.

ஆனால் பட்டம் இருந்தவர்தானே அதைத் துறக்க முடியும்? அதற்கு 7 ஆண்டுகள் முன்பே, 1922இல், எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் வேறொன்றுக்காகப் போராடினார். எங்களை இழிபெயரால் எழுதாதே, 'ஆதிதிராவிடர்' என்று எழுது என்றார். அரசாணை வந்தது. ஒருவர் பட்டத்தை விடுகிறார். இன்னொருவர் மரியாதையான பெயரைக் கேட்கிறார். இரண்டும் சாதிக்கு எதிரான போராட்டம்தான். ஆனால் இருவரும் நின்ற இடம் ஒன்றல்ல.

கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சு வழிவந்தவர்கள் பலர் 17ஆம் நூற்றாண்டு வரை தங்கள் முன்னோரைத் தேடிப் பிடித்துவிடுகிறார்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் தேவாலயங்கள் எழுதி வைத்தன. உழவர் பெயரும் அதில் உண்டு. பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவானதால் தாய்வழியையும் தேடலாம். அதே ஏடுகளில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை, ஒற்றைப் பெயர்தான். யார் கையில் பேனா, அவர் யாரை எழுதத் தகுந்தவராக நினைத்தார் என்பதுதான் வம்சாவளி.

நானும் தேடிப் பார்த்தேன். அப்பாவின் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தாத்தா பெயர் கிடைத்தது. தாத்தாவின் வாக்காளர் அட்டையில் அவர் அப்பா பெயர். அதற்கு மேல் காகிதம் இல்லை. நிலம் இருந்தால் பட்டா இருக்கும், நிலம் ஏது? ஆயாவின் அம்மா பெயரை ஊரில் பெரியவர்களிடம் கேட்டேன். "மீஞ்சூராள்னுதான் கூப்பிடுவோம்" என்றார்கள். அது அவர் பிறந்த ஊர். வயலில் நடவு நட்டே ஆயுளைக் கழித்த ஒரு மனுஷியின் பெயர் மூன்றே தலைமுறையில் காணாமல் போய்விட்டது. எந்த ஏட்டிலும் இல்லை, யார் நினைவிலும் இல்லை.

அந்தப் பையன் இன்னொன்றும் சொன்னான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சூப்பர்வைசர் ஊர்ப் பெயரைக் கேட்டாராம். சொன்னதும் அடுத்த கேள்வி: "ஊருக்குள்ளயா, காலனியா?" அட்டையில் சாதி இல்லை, கேட்பவர் நாக்கில் இருக்கிறது. பட்டத்தை விட்டது நம் முன்னோர் பெற்றுத் தந்த பெரிய வெற்றி. அதை யாரும் திரும்பச் சேர்க்க விடக்கூடாது. ஆனால் "எங்கள் மாநிலத்தில் யாரும் சாதிப் பெயர் போடுவதில்லை" என்று பெருமை பேசிவிட்டு, அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காததுபோல் கடந்து போகவும் கூடாது.

உங்களிடம் இரண்டு கோரிக்கைகள். அந்தக் கேள்வியை யார் யாரிடம் கேட்டாலும், பக்கத்தில் இருக்கும் நீங்கள், "எதுக்குக் கேக்குறீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்லும் சங்கடம் அவருக்கு வரட்டும். அடுத்து, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் ஆயாவிடம் அவருடைய அம்மா பெயரைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆண்ட பரம்பரைக் கதை கட்டுவதற்கு அல்ல. உழைத்துச் செத்தவர்களுக்கும் பெயர் இருந்தது என்பதற்காக.