இசை பயிற்றுவோர் எங்கிருந்து வந்தார்கள்?
(திருமுறை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இசை மாநாடு என்றாலும், பயிலரங்கு என்றாலும், அழைப்பிதழைக் கையில் வாங்கியதும் நம் கண் முதலில் தேடுவது பயிற்றுநரின் பெயருக்குப் பின்னால் உள்ள பட்டத்தையே. "இவர் முழுநேர வித்துவானா? வேறு உத்தியோகம் பார்ப்பவரா?" என்று கேட்கிறோம். வேறு உத்தியோகம் என்றால் சிலருக்கு முகம் சற்றே வாடிவிடுகிறது. இந்தக் கேள்வி சரியானதுதானா என்று வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது இன்று மிகவும் தேவையாகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பிக்க இராசராச சோழன் பிடாரர்கள் 48 பேரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிப்பார் ஒருவரையும் நியமித்தான். ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் என்று கல்வெட்டுக் கூறுகிறது. அவருள் ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அவருக்கு அடுத்த உரிமையுடையவர் அந்நெல்லைப் பெற்று ஓத வேண்டும். அவர் தாமே ஓதாவிட்டால் தகுதியுடைய ஒருவரை அமர்த்தி ஓதுவிக்க வேண்டும். குலவுரிமையை மதித்த அக்காலத்திலேயே, உரிமை வேறு, தகுதி வேறு என்பதை அம்மன்னன் தெளிவாக அறிந்திருந்தான். இது சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தி.

இனி இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். தமிழ் மண்ணில் இசை மாநாடுகளுக்கு வழிகாட்டியவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். 1859 இல் பிறந்த அவர் முதலில் பள்ளி ஆசிரியர். பின்னர் சித்த மருத்துவர். மருத்துவத்தால் ஈட்டிய பொருளை இசையாராய்ச்சிக்குச் செலவிட்டார். 1912 இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவித் தம் சொந்தச் செலவிலேயே தஞ்சையில் மாநாடுகள் கூட்டினார். 1916 இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் சுருதிகள் பற்றிய தம் கொள்கையை எடுத்துரைத்தார். வெறும் சொற்பொழிவோடு நில்லாமல், தம் புதல்வியரைக் கொண்டு இசைத்தும் காட்டினார். 1917 இல் அவருடைய 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. அவர் கொள்கையை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆயினும், சொன்னதைச் செய்து காட்ட வேண்டும் என்ற அவருடைய நெறியை எவர் மறுக்க முடியும்? மருந்தின் குணம் நோயாளியிடம் தெரியவேண்டும். இசையின் உண்மை செவியில் தெரியவேண்டும். அவர் கிறிஸ்தவர், எனினும், தமிழிசையின் தொன்மையைத் தேடிய அவர் உழைப்புக்குச் சைவ உலகமும் கடன்பட்டுள்ளது.

அடுத்து, ஈழம் தந்த விபுலானந்த அடிகள். 1892 இல் காரைதீவில் பிறந்த அவர் விஞ்ஞானம் பயின்று பட்டம் பெற்றவர்; பள்ளிகளில் விஞ்ஞானம் கற்பித்தவர்; பிறகு இராமகிருஷ்ண சங்கத்தில் துறவு பூண்டவர்; அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். சிலப்பதிகாரம் கூறும் யாழ் வழக்கொழிந்து போயிருந்தது. அதை அவர் கணிதத்தின் துணையோடும் ஒலியியலின் துணையோடும் ஆராய்ந்தார். அதன் பயனாகிய 'யாழ் நூல்' 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் இறைவனடி சேர்ந்தார். விஞ்ஞான ஆசிரியரின் வாழ்நாள் உழைப்பு ஒரு சிவாலயத்தில் நிறைவெய்திய செய்தி நெஞ்சை உருக்குவதாகும்.

சென்னை மியூசிக் அகாடமி 1928 இல் தொடங்கப்பெற்றபோது அதன் முதல் தலைவராக அமர்ந்த யு. ராமராவ் ஒரு டாக்டர். இசைக்குப் பாடநூல்கள் வகுத்துப் பல்கலைக்கழகத்தில் இசைத் துறையை வளர்த்த பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி சட்டம் பயின்றவர். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளை அம்பி தீட்சிதரிடம் கற்று, டி.கே. பட்டம்மாளுக்குக் கற்பித்த டி.எல். வெங்கடராம ஐயர் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். நீதிமன்றத்தில் சாட்சியத்தை ஆராய்வது போலவே, பாடத்தின் மூலத்தையும் ஆராய வேண்டும் என்ற பழக்கம் இத்தகையோரால் இசைக்கு வந்து சேர்ந்தது.

இவற்றைக் கேட்டதும், "அப்படியானால் பரம்பரை வேண்டாமா?" என்று சிலர் வினவக்கூடும். அது பெரும் பிழை. 1943 இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கம், 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தியது. அக்கூட்டங்களில் பேராசிரியர்கள் வாதிட்டார்கள். ஆனால் பண்ணைப் பாடிக் காட்ட ஓதுவாமூர்த்திகளே தேவைப்பட்டார்கள். நட்டபாடை கம்பீரநாட்டையாகவும், மேகராகக் குறிஞ்சி நீலாம்பரியாகவும், வியாழக்குறிஞ்சி சௌராஷ்டிரமாகவும் இன்றும் ஒலிக்கின்றன என்றால், அவற்றை ஏட்டில் காத்தவர்களைவிட நாவில் காத்தவர்களே மிகுதி. ஓதுவார் மரபில் வந்த எம்.எம். தண்டபாணி தேசிகர் திரைப்படங்களில் நடித்துப் புகழ்பெற்றவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராகவும் பணியாற்றியவர். சந்நிதியும் வகுப்பறையும் அவரிடத்தில் ஒன்றாயின. திருமுறை கண்ட வரலாற்றிலும், மறைந்த பண்களை மீட்டுத் தந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணி என்றே கூறப்படுகிறது.

ஆகவே உண்மை இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. பிற தொழிலினர் ஆராய்ச்சியும் ஒழுங்கும் கொண்டு வந்தனர். மரபினர் ஒலியைக் கொண்டு வந்தனர். முன்னவர் பின்னவரிடம் பணிந்து கற்றபோதெல்லாம் இசை செழித்தது. கல்லாமலே கற்பிக்க முற்பட்டபோது தளர்ந்தது.

நம் வட்டாரத்தை எண்ணிப் பாருங்கள். அந்நாளில் தோட்டத்துக் கோயிலில் பஜனை சொல்லிக் கொடுத்தவர் யார்? பகலில் பேரேடு எழுதிய கிராணி; தமிழ்ப்பள்ளி ஆசிரியர்; சில இடங்களில் பால்மரம் வெட்டிய தொழிலாளி. இன்றும் வாரம் முழுவதும் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் உழைத்துவிட்டு, ஞாயிறு காலையில் ஓய்வைத் துறந்து, ஆலய மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தேவாரம் கற்பிப்போர் பலர். அவர்கள் பெயர் எந்த அழைப்பிதழிலும் தடித்த எழுத்தில் வருவதில்லை. அவருள் ஒருவர் நோயுற்றாலோ மாற்றலாகிச் சென்றாலோ வகுப்பே நின்றுவிடுகிறது. நின்ற வகுப்பு மீண்டும் தொடங்குவது அரிது. ஒருகால் கூடிய பிள்ளைகள் பிறகு கூடுவதில்லை.

எனவே பயிற்றுநரைப் பார்த்து, "என்ன வேலை பார்க்கிறீர்?" என்று கேட்பதை விடுத்து மூன்று கேள்விகளைக் கேட்போமாக. யாரிடம் கற்றீர்? இன்றும் உம் பிழையைத் திருத்துவார் உண்டா? உமக்குப் பின் கற்பிக்க யாரை உருவாக்குகிறீர்? முதற்கேள்வி மரபைக் காட்டும். இரண்டாவது பணிவைக் காட்டும். மூன்றாவது ஆலயத்தின் நாளையைக் காட்டும்.

நிர்வாகத்தினருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. இராசராசன் ஓதுவோருக்கு நெல் அளந்தான். அவர்க்குப்பின் ஓதுவதற்கும் வழி செய்தான். கல்லில் வெட்டிய அந்த ஏற்பாட்டை நாம் நம் ஆண்டுத் திட்டத்தில் எழுதினால் போதும். தமிழகத்திலிருந்து வரும் ஓதுவாரிடம் உள்ளூர் ஆசிரியர் முறையாகப் பாடம் கேட்க ஏற்பாடு செய்யலாம். மூத்த மாணவர் ஒருவரை ஒவ்வொரு வகுப்பிலும் துணையாக அமர்த்தலாம். பெற்றோரும், தேர்வு நெருங்குகிறது என்று முதலில் நிறுத்துவது தேவார வகுப்பையே என்னும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

இராசகோபுரம் எழுப்பப் பொருள் திரட்டுகிறோம், அது போற்றத்தக்கதே. கோபுரத்தின் கீழ் நின்று பண்ணோடு பாட ஒரு குழந்தை இருக்க வேண்டும். அக்குழந்தைக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். அவ்வாசிரியருக்குப் பின் இன்னொருவர் இருக்க வேண்டும். அதற்குத் திருவருள் துணை நிற்பதாக.